கண் புற்றுநோய் குணமான பிள்ளைக்கு வருடாவருடம் ஸ்கேன் வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் வந்தது. ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றதற்குக் கீமோ கொடுத்து, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது அவனுக்கு வயது 14. ‘இவனுக்கு வேறு புற்றுநோய் வரலாம்’ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வருடாவருடம் முழு உடம்பு ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: உறவினர் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் விஷயம் உண்மைதான்.

பழைய நோய் திரும்புவது வேறு, இது வேறு. இரண்டு கண்ணிலும் வந்தாலே, ஆர்பி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அந்தப் பழுது விழித்திரையோடு நிற்பதில்லை. எலும்பு, தசை, தோலிலும் இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று ஏற்கெனவே கெட்டிருப்பதால், மற்றதும் கெட்டால் அங்கே கட்டி தொடங்க வழி பிறக்கிறது. கதிர்வீச்சு அந்த இரண்டாவது பிரதியைக் கெடுக்கக்கூடியது. அதனால்தான் கரண்ட் வைத்த கண்குழி, மூக்கு, முகப் பகுதியில் ஆபத்து கூடுதல்.

அமெரிக்காவில் 1,600 பேரைப் பின்தொடர்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், பரம்பரை வகை நோய் (பிறவியிலேயே இந்தப் பழுது உள்ள வகை) இருந்தவர்களில் 50 ஆண்டுகளுக்குள் இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு 36 சதவீதம். பரம்பரை அல்லாத வகையில் 6 சதவீதத்துக்கும் குறைவு. அவர்கள் எல்லோரும் 1984-க்குள் நோய் கண்டறியப்பட்டவர்கள். கரண்ட் வைத்த முறையே அன்று வேறு. அந்த எண்ணை அப்படியே உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

சரி, ஸ்கேன்? வருடாவருடம் முழு உடம்பு ஸ்கேன் எடுத்தால் உயிர் காக்கும் என்று நிரூபணமாகவில்லை. சிடி ஸ்கேனோ அதுவே கதிர்வீச்சு. எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்டில் முடிகிற காரியத்துக்கு அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் மருத்துவர் சிடி கேட்டால் மறுக்க வேண்டாம்.

இந்த வயதில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது எலும்பைத்தான், குறிப்பாக முட்டியை ஒட்டிய பகுதியை. விளையாடி அடிபட்ட வலி சில நாளில் அடங்கிவிடும். ஒரே இடத்தில் இரண்டு வாரம் தாண்டியும் வலி, இரவில் எழுப்புகிற வலி, வீக்கம், நொண்டல் இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். அதன் கதிர்வீச்சு மிகக் குறைவு. ‘வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இப்போதெல்லாம் செயற்கைக் கண் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. பழைய கதையை நீங்களே சொல்லாவிட்டால் எலும்பு மருத்துவருக்குத் தெரியப்போவதில்லை.

முகத்தில் புதுக் கட்டி, விடாத மூக்கடைப்பு, உருவமோ நிறமோ மாறுகிற மச்சம் ஆகியவையும் அப்படியே. வருடம் ஒருமுறை தோலை மருத்துவரிடம் காட்டுங்கள். வயது ஏற ஏற நுரையீரல் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுவதால், சிகரெட் பற்றி அவனிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

ஆர்பி1 ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சென்னை சங்கர நேத்ராலயாவிலோ மதுரை அரவிந்திலோ விசாரியுங்கள். அவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தப் பழுது போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. பழுது இன்னதென்று தெரிந்தால், குழந்தை பிறந்ததுமே சோதித்துக் கண்ணைக் காப்பாற்றலாம். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருப்பதால், அந்தப் பெற்றோர்களும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். எந்த மருந்து, எந்த மாதம் கரண்ட், எவ்வளவு அளவு என்பது அதில் இருக்கும். படம் எடுத்து அவன் போனிலும் போட்டுவையுங்கள்.