போலெய் வட்டில் கொம்புச்சா போடலாமா?

ஈப்போவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீடு மாறிப் போன பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், தட்டு மாதிரி இறுக்கிய தேயிலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. மேல் காகிதத்தில் 7572 என்ற எண். இடிகல்லில் போட்டு இடித்ததில் பாதி தூளாகிவிட்டது. அந்தத் தூளில் இரண்டு லிட்டர் டிகாக்ஷன் போட்டு, கொம்புச்சா என்ற புளித்த இனிப்புத் தேநீருக்காக, மகன் நண்பரிடம் வாங்கி வந்த ஸ்கோபியை (தேநீரைப் புளிக்க வைக்கப் போடும் ஆடை) இரண்டு கரண்டிச் சாறோடு சேர்த்து வைத்தாராம். நான்காம் நாள் ஸ்கோபி அடியில் கிடக்கிறது, மேலே வெள்ளைப் புள்ளிகள், நடுவே பழுப்பு நூல்கள். "கொட்டிவிடவா? கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்குக் கொடுக்கலாமா? அந்தத் தேயிலை 1975-ஆம் ஆண்டுச் சரக்கா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம் அக்கா, அதுதான் எளிது. 1975 இல்லை. டிம் சம் கடைகளில் போலெய் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த பூஅர் தேயிலைதான் இது. சீனாவின் யுன்னான் மாநிலத்துச் சரக்கு. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை உருவான ஆண்டு, மூன்றாவது இலையின் தரம், நான்காவது தொழிற்சாலை. 2 என்றால் மெங்ஹாய். உங்கள் வட்டு போன வருடம் அழுத்தியதாகக்கூட இருக்கலாம். தயாரான தேதி காகிதத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

7572 'வெந்த' வகை. பச்சை வகை பச்சையும் பழுப்புமாக இருக்கும், நாக்கைப் பிடிக்கும். அது பல வருடம் கிடந்து தானாக முதிர வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாமல், ஈர இலையைக் குவித்துப் போட்டுச் சில வாரங்களில் புளிக்க வைக்கும் முறையை 1973 வாக்கில் யுன்னான் தலைநகர் குன்மிங்கில் வகுத்தார்கள். அப்படி வந்ததுதான் வெந்த வகை. பால் விடாத கோப்பி ஓ போலக் கறுப்பாக இறங்கும், மண்வாசனை அடிக்கும். அந்த வாசனையை வைத்துக் கெட்டுப்போனது என்று முடிவு செய்யாதீர்கள்.

இடிகல்லை மட்டும் இனி எடுக்க வேண்டாம். வட்டு என்பது ஆவி காட்டி, துணிப்பையில் கட்டி, கல்லுக்கடியில் அமுக்கிய இலை அடுக்கு. பின்பக்கம் நடுவில் ஒரு குழி தெரிகிறதே, அது துணியின் முடிச்சு பதிந்த இடம். குழியைச் சுற்றி இறுக்கம் அதிகம், விளிம்பில் குறைவு. அதனால் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஐஸ் உடைக்கும் ஊசியோ மெல்லிய வெண்ணெய்க் கத்தியோ போதும். வட்டை ஒரு தட்டில் படுக்க வைத்து, ஊசியை வட்டுக்கு இணையாக ஓர் அங்குலம் உள்ளே செலுத்தி, மெல்ல அசைத்து, நெம்புங்கள். பக்கத்தில் அரை அங்குலம் தள்ளி இன்னொரு முறை. பரோட்டா அடுக்கு பிரிகிற மாதிரி ஒரு படலம் முழு இலையோடு எழும்பி வரும். வட்டைப் பிடித்திருக்கும் கை ஊசி முனைக்கு எதிரே இருக்கவே கூடாது. என் இடது உள்ளங்கையில் இருக்கும் தழும்பு இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய கட்டணம்.

கிண்ண வடிவில் வரும் துவோச்சா வகை இன்னும் கல்லாக இருக்கும். அதை மெல்லிய துணியில் சுற்றி இட்லிச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் ஆவி காட்டினால் தளரும். ஆனால் நம் ஊர் ஈரத்தில், ஆவி காட்டிய இலையை அன்றே உதிர்த்துக் காற்றாடிக்கடியில் நன்றாக உலர்த்தாவிட்டால் பூசணம் பிடிக்கும். மீதி வட்டைக் காகிதத்தோடு, சுவரை ஒட்டாமல், காற்று வரும் இடத்தில் வையுங்கள். பூச்சி உருண்டை போட்ட அலமாரியும் சாமி மேடைப் பக்கமும் வேண்டாம். சாம்பிராணி வாசனையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.

குடிப்பதற்கு, 100 மில்லிக் குவளைக்கு 5 முதல் 7 கிராம் இலை. கொதிநீரை ஊற்றிப் பத்து வினாடியில் அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூசு போகும், இலையும் தளரும். அப்புறம் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒரு முறை இறக்கினால் ஏழெட்டு நடைக்குத் தாங்கும்.

சரி, ஜாடிக்கு வருவோம்.

எல்லாரும் ஸ்கோபியைத்தான் சாமி மாதிரி பாவிக்கிறார்கள். அந்த வட்டமான ஆடை, பாக்டீரியா பின்னிய செல்லுலோஸ் நார். பாலுக்கு மேல் ஏடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது மூழ்கலாம், மிதக்கலாம், சாய்ந்து நிற்கலாம், ஒன்றும் கெடாது. உண்மையான உறை, அதோடு வரும் புளித்த சாறு. நீங்கள் இரண்டு லிட்டருக்கு இரண்டு கரண்டி சேர்த்தீர்கள். தயிருக்கு அந்தக் கணக்கு சரி, ஒரே இரவில் உறைந்துவிடும். கொம்புச்சாவுக்கு ஒரு வாரம் வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹால் ஆக்க வேண்டும், பாக்டீரியா அதை எடுத்து அசிட்டிக் அமிலம் ஆக்க வேண்டும். அத்தனை நாள், புளிப்பில்லாத இனிப்புத் தேநீர் சும்மா திறந்து கிடந்தால் எந்தப் பூசணமும் வந்து உட்காரும். முதல் நாளே அது புளிப்பாக இருந்தாக வேண்டும். அதனால்தான் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்காவது, முதல் தடவை என்றால் ஏழில் ஒரு பங்கு, பழைய சாறு கேட்கிறோம்.

உங்கள் ஜாடியை வெளிச்சத்தில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். புள்ளிகள் ஈரமாக, தட்டையாக, கஞ்சி ஏடு போல ஒளி ஊடுருவினால் அது புது ஆடை. இரண்டொரு நாளில் ஒன்று கூடிவிடும். உலர்ந்து, பஞ்சு போல மேலெழும்பி, வட்டம் வட்டமாக வெள்ளையோ பச்சையோ கறுப்போ காட்டினால் பூசணம். அப்போது மேலே இருப்பதை மட்டும் அள்ளி எறிந்து தப்பிக்க முடியாது. சாறு, ஸ்கோபி, எல்லாம் குப்பைக்கு. பழுப்பு நூல்கள் ஈஸ்ட், பயப்பட ஒன்றுமில்லை.

வெறும் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மீன் தொட்டிக் கடையிலோ மருந்தகத்திலோ புளிப்பை அளக்கும் பிஎச் தாள் கேளுங்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 2-லிருந்து 5 வரை காட்டுகிற தாளாக இருக்க வேண்டும். உறை குறைவாகப் போன உங்கள் ஜாடி ஏழாம் நாளில் 4.2-க்கு மேலேயே நின்றால், பூசணம் தெரியாவிட்டாலும் கொட்டிவிடுங்கள். அதற்குள் சுவை பார்க்காதீர்கள்.

அடுத்த முறைக்கு என் கணக்கு இது. மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி. பளபளப்புப் பூச்சு உள்ள மண்சாடி ஆகாது, பூச்சில் ஈயம் இருந்தால் அமிலம் அதை இழுத்துவிடும். அரை லிட்டர் கொதிநீரில் 12 கிராம் தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, 130 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கரையுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 1.2 லிட்டர் சேருங்கள். விரலை விட்டால் சூடே தெரியாத பதம் வந்ததும் 300 மில்லி புளித்த சாறு. சூட்டில் ஊற்றினால் உறை செத்துப்போகும். வாயை நெருக்கமாக நெய்த துணியால் கட்டுங்கள், வலைத் துணி என்றால் பழ ஈ புகுந்துவிடும். உங்கள் கையில் 50 மில்லி சாறுதான் இருக்கிறதா? அப்படியானால் 300 மில்லி தேநீரோடு சின்ன ஜாடியில் தொடங்கி, அது புளித்ததும் பெருக்குங்கள்.

போலெய்யில் போடலாமா என்றால், போடலாம். இடிபட்ட தூளுக்கு நல்ல வழி அதுதான். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற வைத்தால் போதும். ஆனால் முழு இலையாக எழும்பி வந்த படலத்தை இதில் போடாதீர்கள், புளிப்புக்கடியில் அதன் சுவை எதுவும் தெரியாது. நான் பாதி போலெய், பாதி சாதாரணக் கறுப்புத் தேயிலை கலப்பேன். பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் கலந்த வாசனைத் தேயிலை மட்டும் வேண்டாம்.

ஈப்போ வெக்கையில் ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்தே சுத்தமான கரண்டியால் சுவை பாருங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் இருக்கும் இரண்டு வாரக் கணக்கு நமக்கு வினிகரைத்தான் தரும். நுரை வேண்டி இஞ்சியோ பழமோ போட்டு மூடினால், வெளியே ஒரு நாள், அப்புறம் குளிர்பெட்டி. மூன்று நாள் மறந்து விட்டதில் என் வீட்டில் ஒரு புட்டி வெடித்து, கண்ணாடித் துண்டுகளை அரிசிக் கூடைக்குள் பொறுக்கினேன். தடித்த, அழுத்தம் தாங்கும் புட்டி இல்லாவிட்டால் இந்த வேலையே வேண்டாம்.

மருமகளுக்குக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைக்காத பானம், கொஞ்சம் ஆல்கஹாலும் கஃபீனும் உண்டு. மூடிய புட்டியில் ஆல்கஹால் இன்னும் ஏறும், வீட்டுச் சரக்கில் எவ்வளவு என்று நாக்கால் சொல்ல முடியாது. சிறு பிள்ளைகளுக்கும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் இதே பதில்தான். முஸ்லிம் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதானால் ஆல்கஹால் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். 1995-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வீட்டுக் கொம்புச்சாவைத் தினமும் குடித்து வந்த இரண்டு பெண்கள் கடுமையாக நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். காரணம் கொம்புச்சாதான் என்று நிறுவப்படவில்லை. ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 120 மில்லி தீங்கு செய்யாமல் இருக்கலாம் என்று அப்போது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் எழுதியது. ஒரு சின்ன டம்ளர். நானும் அதைத் தாண்டுவதில்லை.

அப்புறம், ஜாடி நன்றாக வந்தால் ஒவ்வொரு முறையும் புது ஆடை ஒன்று வளரும், சேர்ந்துகொண்டே போகும். யாராவது கேட்டால் ஆடையை மட்டும் கிள்ளிக் கொடுக்காமல் ஒரு குவளைச் சாறும் ஊற்றிக் கொடுங்கள். உங்கள் மகனின் நண்பர் விட்டது அதைத்தான்.