ஒரு தேங்காய்க்கு இரண்டு மதிப்பெண் ஏறுவது ஏன்?

கேள்வி: பினாங்கு தைப்பூச வெள்ளி ரத ஊர்வலத்தை வைத்து, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்து வருகிறேன். தேங்காய் உடைந்தால் மதிப்பெண் ஏற வேண்டும், சத்தம் வர வேண்டும், ரதம் நகர வேண்டும். மூன்றையும் தேங்காயின் ஸ்கிரிப்டே தேடிப் பிடித்து அழைக்கிறது. ஈவென்ட் போடச் சொன்னான் நண்பன். முதலில் மதிப்பெண்ணை மட்டும் மாற்றினேன்: ஈவென்ட், மதிப்பெண் இரண்டுமே ஸ்டாட்டிக் (எந்த ஒரு பொருளோடும் ஒட்டாமல் பொதுவாக இருப்பது). முதல் ஆட்டம் சரி. காட்சியை மீண்டும் ஏற்றி ஆடினால் ஒரு தேங்காய்க்கு இரண்டு ஏறுகிறது!
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நண்பர் சொன்னது நல்ல வழிதான். ரதம் போகும் தண்ணீர்மலைச் சாலையில் தேங்காய் உடைப்பவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் பாட்டுக்கு ஓங்கி அடிக்கிறார். சத்தம் கேட்டு ஒருவர் ஒதுங்குகிறார், ஒருவர் கைப்பேசியைத் தூக்குகிறார். ஈவென்ட்டும் அப்படித்தான். உடைந்துவிட்டேன் என்று தேங்காய் அறிவிப்பதோடு சரி. வேண்டியவர்கள் தாங்களே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நாளைக்கு நீங்கள் சத்தத்தையே எடுத்துவிட்டாலும் தேங்காயின் கோடில் ஒரு வரி மாறாது.

பெயர் கொடுத்தவர் போகும்போது அதை எடுக்கவில்லை; அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். காட்சி மாறும்போது யூனிட்டி பழைய மதிப்பெண் பொருளை அழித்துவிடும். ஆனால் ஸ்டாட்டிக் ஈவென்ட் காட்சியோடு போகாது. அதன் பட்டியலில் பழையவர் பெயர் அப்படியே இருக்கும், யூனிட்டியில் நாம் கோடு எழுதும் மொழியான சி ஷார்ப்பும் அவரை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். புதியவரும் பெயர் கொடுக்க, இருவரும் ஆளுக்கு ஒன்று கூட்டுகிறார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மூன்று ஏறும், பாருங்கள்.

ஒரு வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பழைய ஆள் வெறும் எண்ணைத்தான் தொட்டார். அழிந்துபோன திரை எழுத்தைத் தொடப் போயிருந்தால் எரர் வந்து, பட்டியலில் அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குச் செய்தியே போயிருக்காது. ரதம் ஏன் நகரவில்லை என்று ரதத்தின் கோடில் இரவு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் தேடியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பொருள் இயங்கத் தொடங்கும்போது ஓடும் ஆன்எனேபிளில் += போட்டு பெயர் கொடுத்தால், அதற்கு ஜோடியாக, அது நிற்கும்போதோ அழியும்போதோ ஓடும் ஆன்டிசேபிளில் -= போட்டு பெயரை எடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்றால் மறந்துபோகும். += பக்கத்தில் லாம்டாவை, அதாவது அந்த இடத்திலேயே பெயரில்லாமல் எழுதும் சிறு மெத்தடை, எழுதாதீர்கள். அதே வரியை -= பக்கத்தில் திரும்ப எழுதினாலும் அது வேறொரு லாம்டா, பழையது நீங்காது. பெயருள்ள மெத்தடாகவே கொடுங்கள்.

அப்புறம் சத்தத்தையும் ரதத்தையும் இதே ஈவென்ட்டுக்கு மாற்றுங்கள். பெரிய தேங்காய்க்குக் கூடுதல் மதிப்பெண் என்றால் அந்த எண்ணையும் ஈவென்ட்டோடு அனுப்பலாம். ருசி கண்டுவிட்டு எல்லாவற்றையும் ஈவென்ட் ஆக்கிவிடாதீர்கள். ரதம் தன் சக்கரத்தைச் சுழற்ற எதற்கு அறிவிப்பு? நேராக அழைத்தால் போதும்.