ஆய்வுத் தலைப்பைச் சுருக்குங்கள்

வணக்கம். ‘டேனிஷ் இலக்கியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகள்’ என்ற உங்கள் முனைவர் பட்டத் திட்டத்துக்கு இரண்டு முறை உதவித்தொகை மறுக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். தலைப்புதான் கடல்போல் விரிந்து கிடக்கிறது.

ஒரே ஒரு சொல்லிலிருந்து தொடங்கிப் பாருங்கள். டேனிஷ் எழுத்தாளர் டோவ டிட்லெவ்சனின் தன்வரலாற்று வரிசையில் மூன்றாம் நூல், 1971இல் வந்த ‘கிஃப்ட்’. டேனிஷில் அச்சொல்லுக்கு ‘மணமான’ என்றும் பொருள், ‘நஞ்சு’ என்றும் பொருள். ஆங்கிலத்தில் அது ‘டிபென்டன்சி’ (சார்ந்திருத்தல்) ஆனபோது போதைக்கு அடிமையாதல் என்ற பொருள் தங்கியது. திருமணமும் நஞ்சும் ஒரே சொல்லில் உறைந்திருந்த அந்தக் கசப்பு போய்விட்டது! முதல் இரு பாகங்களை டீனா நனலியும் மூன்றாவதை மைக்கேல் ஃபவாலா கோல்ட்மனும் மொழிபெயர்த்தார்கள். ஒரே ஆசிரியையின் குரல் இரு கைகளில் எப்படி மாறுகிறது? இப்படிக் கேட்டால் நெறியாளர் நிமிர்ந்து உட்காருவார்.

பண விஷயம்: டென்மார்க்கில் ஆய்வாளர் பெரும்பாலும் மூன்றாண்டு சம்பளம் பெறும் ஊழியர், எனவே பணியிட அறிவிப்புகளைக் கவனியுங்கள். பிரிட்டனில் உதவித்தொகைக்குப் போட்டியிட வேண்டும். நாரிச்சில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1989 முதல் இலக்கிய மொழிபெயர்ப்பு மையமே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் நெறியாளருக்கு எழுதுங்கள். நீங்களே மொழிபெயர்த்த ஒரு பக்கத்தையும் குறிப்புகளோடு இணையுங்கள்.