படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோருக்கான பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்துவிட்ட தாயாரை ஓர் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருப்பதாகவும், பாலக்காட்டுப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் விசாரித்துக் குழம்பிப்போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாலக்காட்டு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு இதே தேடலை என் தந்தைக்காக இரண்டு முறை செய்தவன் நான். முதல் முறை கோட்டை விட்டேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். நம் பக்கத்தில் ‘நர்சிங் ஹோம்’ என்று விசாரித்தால் பிரசவம் பார்க்கும் சிறு மருத்துவமனைக்குத்தான் வழி சொல்வார்கள். ‘முதியோர் இல்லம்’ என்றாலோ, எழுந்து நடமாடுபவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் இடங்களாக அமையும். கேரளப் பக்கம் ‘கிடப்பு ரோகி’ (படுக்கையில் கிடக்கும் நோயாளி) என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

நான் ஏமாந்தது கட்டடத்தைப் பார்த்து. பளபளக்கும் தரை, வாசலில் செம்பருத்தி, அலுவலக அறையில் கனிவாகப் பேசிய மேலாளர். மூன்றாவது வாரம் ஒரு மாலை நான்கு மணிக்கு முன்னறிவிப்பின்றிப் போனபோது, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் புரட்டினேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதைக் குறிக்கும் அட்டை அது. அதில் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் உரிய கட்டங்களில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஏற்கெனவே கையொப்பம் இடப்பட்டிருந்தது. அப்பாவின் குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. வலப்பக்கம் செயலிழந்த மனிதருக்குத் தண்ணீர் டம்ளரை வலப்பக்க மேசையில் வைத்திருந்தார்கள்.

தோலின் சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது அது வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்பார்கள். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவர்களுக்கும் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய மூன்றையும் கையால் தடவிச் சூட்டையும் கடினத்தையும் அறிவதே மேல். சேர்ப்பதற்கு முன் மற்றவர்களின் காலைத் தொட்டுப் பார்க்க முடியாதுதான். ஆனால் இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்கு இங்கே வந்த பிறகு உண்டானது என்று தலைமைச் செவிலியரிடம் கேட்கலாம். ‘ஒருவருக்குமில்லை’ என்று சட்டென்று வரும் பதிலைவிட, எண்ணிப் பார்த்துச் சொல்லும் பதிலையே நான் நம்புவேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். படுத்த நிலையிலேயே ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, ஊட்டியவுடன் சாய்த்துவிடாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அதேபோல், நேற்றிரவு பணியில் இருந்தவர்கள் யார் யார் என்று வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பகலில் எத்தனை பேர் இருந்தாலும் இரவில் ஆளில்லாவிட்டால் பயனில்லை.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய ஒரு சோதனை உண்டு: மொழி. என் தந்தை நாற்பது ஆண்டுகள் மலையாளத்தில் வியாபாரம் செய்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் மிஞ்சியது தமிழ் மட்டுமே. அந்த இல்லத்தின் உதவியாளர் ஒடிசாவிலிருந்து வந்து கொஞ்சம் மலையாளம் கற்றுக்கொண்ட இளைஞர், நல்ல பிள்ளைதான். அப்பா ‘வெளிக்குப் போகணும்’ என்றால் வெளியே கிளம்பப் பார்க்கிறார் என்று எண்ணிக் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைத் தூக்கிவிடுவார். அப்பா முரண்டுபிடிப்பதாக எனக்குத் தொலைபேசியில் புகார் வரும். ஒவ்வொரு வேளைப் பணியிலும் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதை இப்போது நான் முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2008-லிருந்து ஆய்வு முடிவுகள், பணியாளர் எண்ணிக்கை, பராமரிப்பின் தரம் ஆகியவற்றை வைத்து அரசே இத்தகைய இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பீடு வெளியிடுகிறது. இங்கே அப்படி ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. ஆனால் கேரளத்தில் பஞ்சாயத்து வழியாக வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) செவிலியர்கள் இருக்கிறார்கள். எந்த இல்லத்திலிருந்து திரும்பியவர் எந்த நிலையில் திரும்பினார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டாவது இல்லத்தைச் சொன்னவரும் அப்படி ஒருவரே. தகவலுக்கும் உதவிக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இல்லம் பழைய ஓட்டு வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த செவிலியர், “அப்பா எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார்?” என்று கேட்டார், அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் சொல்ல முடிந்தது. அப்படியும் ஒரு மாதத்துக்கு மட்டுமே பணம் கட்டினேன். டயப்பருக்கும் மருந்துக்கும் தனிக் கட்டணமா, இடையில் அழைத்துச் சென்றால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கையெழுத்திட்டேன்.