ஈராக் போருக்கு அவ்வளவு எதிர்ப்பு இருந்தும் டோனி பிளேர் எப்படி 4 ஆண்டு பிரிட்டன் பிரதமராக நீடித்தார்?

2003 மார்ச் 18 இரவு, போருக்குப் போகலாமா என்று நாடாளுமன்றத்தில் விழுந்த ஓட்டுகளை எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு ஒரு மாதம் முன்புதான் லண்டன் தெருக்களில், போலீஸ் கணக்குப்படியே, ஏழரை லட்சம் பேர் போரை எதிர்த்துத் திரண்டிருந்தார்கள். ஓட்டெடுப்புக்கு முந்தைய நாள் ராபின் குக் போரை எதிர்த்து அமைச்சரவையை விட்டு விலகியிருந்தார். அரசின் போர்த் தீர்மானத்துக்குக் கொண்டுவந்த, போருக்கான நியாயம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்துக்கு 217 ஓட்டு விழுந்தது. அதில் 139 பிளேரின் சொந்தக் கட்சி ஓட்டு, அதாவது லேபர் எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கு. பிரிட்டனில் கொறடா உத்தரவை மீறினாலும் எம்.பி. பதவி போகாது என்பதால் துணிந்து மீறினார்கள். அப்படியும் 396 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டு அந்தத் திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். அரசின் தீர்மானம் 412-149 என நிறைவேறியது. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ், பிளேர் பக்கம் நின்றதே காரணம்.

அவர்கள் போட்ட அந்த ஓட்டு 2005 தேர்தலிலும் பிளேருக்குக் கைகொடுத்தது. போரால் கொதித்தவர் யாருக்கு ஓட்டுப் போடுவார்? கன்சர்வேட்டிவும் அதே போரை ஆதரித்த கட்சி. எதிர்த்து நின்ற லிபரல் டெமாக்ரட்ஸ் 52 இடத்திலிருந்து 62க்குத்தான் ஏற முடிந்தது. லேபரின் பெரும்பான்மை 167லிருந்து 66 ஆகச் சரிந்தது, ஆனால் வெறும் 35.2 சதவீத ஓட்டிலேயே ஆட்சி தப்பியது. தொகுதிவாரித் தேர்தல் முறையின் தயவு!

சரி, கட்சியே அவரை இறக்கியிருக்கலாமே? அப்போதைய கட்சி விதிப்படி, பதவியில் இருக்கும் தலைவரை எதிர்த்து நிற்பவருக்கு லேபர் எம்.பி.க்களில் 20 சதவீதம் பேர் பெயர் போட்டு முன்மொழிய வேண்டியிருந்தது. கட்சி ஆட்சியில் இருந்தால் கட்சி மாநாட்டின் ஒப்புதலும் தேவைப்பட்டது. அதிருப்தியாளர்கள் ஏராளம், களமிறங்கத்தான் ஆளில்லை. பிரதமர் பதவிக்காகக் காத்திருந்த நிதியமைச்சர் கார்டன் பிரவுனோ கத்தியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

2006இல் நிலைமை மாறியது. மே மாத உள்ளாட்சித் தேர்தலில் அடி. கோடையில் லெபனான் போர் மூண்டபோது உடனடிப் போர்நிறுத்தம் கேட்க பிளேர் மறுத்தார். செப்டம்பரில் எம்.பி.க்கள் விலகச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள், இளைய அமைச்சர் டாம் வாட்சன் ராஜினாமா செய்தார். மறுநாளே, ஓராண்டுக்குள் போய்விடுவதாக பிளேர் அறிவித்தார். 2007 ஜூன் 27இல் போனார். தன் தொகுதியை இழந்துவிடுவோம் என்ற பயம் பின்வரிசை எம்.பி.க்கு வரும்வரை பிரதமருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்பது என் கணிப்பு.

இதற்கு நேர்மாறு 1956 சூயஸ் போர், அதாவது எகிப்து நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கிய போர். பொதுமக்களில் கணிசமானோர் அப்போதைய பிரதமர் ஆண்டனி ஈடன் பக்கமே இருந்தும் இரண்டே மாதத்தில் அவர் கதை முடிந்தது. அவரைச் சாய்த்தது பவுண்ட். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருக்க, அமெரிக்கா உதவ மறுத்தது. படை இறங்கிய மறுநாள் நள்ளிரவே போர்நிறுத்தம். பிறகு உடல் தேற ஜமைக்கா போனார். திரும்பி வந்து, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டியே தெரியாது என்று டிசம்பர் 20இல் அவையில் சொன்னார். ஆனால் அக்டோபரிலேயே பாரிஸ் அருகே செவ்ரில் பிரான்ஸ், இஸ்ரேலுடன் இதற்கு ரகசிய ஒப்பந்தம் போட்டாயிற்று! 1957 ஜனவரி 9இல் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார்.

போர் வேண்டும் என்று குரல் உயர்த்தி, பவுண்ட் சரிந்ததும் பின்வாங்கிய நிதியமைச்சர் ஹரால்ட் மேக்மில்லன்தான் அடுத்த பிரதமர். "முதலில் உள்ளே, முதலில் வெளியே" என்று ஹரால்ட் வில்சன் கிண்டலடித்தார். அதே மேக்மில்லன் 1959 தேர்தலில் 100 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார்.