ஆய்வகத்தை விட்டு அசைவுப் பயிற்சிக்கு: கோபியிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

கோவையில் உயிர்வேதியியலில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், அதை விட்டுவிட்டு விழிப்புணர்வோடு உடலை அசைக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் ஆகப் போகிறேன் என்கிறார். "இத்தனை வருசம் படிச்சது வீணாப் போயிருங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீணாகாது. மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்றொருவர் இருந்தார். 1930களில் பாரிஸில், நோபல் பரிசு பெற்ற ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்த பொறியாளர், ஜூடோவும் கற்றவர். பந்து விளையாடியதில் முழங்காலில் அடி; நாளாக ஆக நடப்பதே சிரமமானது. தான் நடக்கும்போது இடுப்பு என்ன செய்கிறது, விலா என்ன செய்கிறது என்று தன்னையே ஆய்வுப்பொருளாக வைத்துக் கவனித்தார். இன்று அவர் பெயரிலேயே வழங்கும் பயிற்சிமுறை அதிலிருந்து பிறந்தது. அசைவைச் சிறிதாக்கு, மெதுவாக்கு என்பார் அவர். அதற்குப் பின்னால் இருப்பது புலனறிவு பற்றிய வெபர்-ஃபெக்னர் விதி: தோளில் மஞ்சள் மூட்டை இருக்கும்போது அதில் ஒரு கைப்பிடி கூடினாலும் தெரியாது, வெறுங்கையில் வைத்தால் உடனே தெரியும். முயற்சி குறைந்தால்தான் நுணுக்கம் புலப்படும்.

ஜான் கபாட்-ஜின்னும் அப்படித்தான். 1971இல் எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியைத் தொடங்கினார். மெதுவான யோக அசைவுகளும் அதில் உண்டு.

இருவரும் அறிவியலை உதறிவிட்டு வரவில்லை என்பதைத்தான் உங்கள் மகள் கவனிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, குறித்து வைப்பது, "வலி குறைந்தது பயிற்சியாலா, தானாகவா?" என்று தன்னையே சந்தேகிப்பது: இந்தப் பழக்கம் இல்லாத பயிற்சியாளர்கள் நிறைய. அம்மணிக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் வெளியே வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். தரும் உதவித்தொகை என்றால், எஸ்.ஆர்.எஃப். எனும் மூத்த ஆய்வாளர் நிலையில் மாதம் 42,000 ரூபாய்; மொத்தம் ஐந்தாண்டுக்கு மேல் கிடையாது. மீதமிருக்கும் மாதங்களில் எழுதி முடித்துக்கொண்டே வார இறுதியில் பயிற்சி எடுக்கலாம்.

எந்தப் பயிற்சி? ஃபெல்டன்கிரைஸ் ஆசிரியர் பயிற்சி சுமார் 800 மணி நேரம், மூன்று நான்கு ஆண்டுகளில் பரவியது, செலவும் அதிகம். யோகா வழி கைக்கு எட்டுவது. ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியத் தேர்வு இருக்கிறது. யோகாவில் முதுகலையும் முடித்தால் நெட் தேர்வில் யோகா ஒரு பாடம்; கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் கதவு திறந்திருக்கும். பிசியோதெரபி வேறு படிப்பு. அது இல்லாமல் "முதுகுவலி குணமாகும்" என்று நோட்டீஸ் அடிக்கக்கூடாது. இதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தேவை நம் பக்கமே இருக்கிறது. திருப்பூரில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் டெய்லர்கள், சோமனூரில் தறியோடு நின்றே வேலை பார்ப்பவர்கள், சரவணம்பட்டியில் கணினி முன் கழுத்து பிடித்துக்கொண்ட பிள்ளைகள். தறிக்காரர்கள் அதிகக் கட்டணம் தர மாட்டார்கள். கம்பெனிகளில் பேசி வகுப்பு எடுத்தால் அந்தக் குறை ஈடாகும். ஆனாலும் முதல் ஓரிரண்டு வருடம் வருமானம் சீராக வராது. அதற்குச் சேமிப்பு வேண்டும்.

சொந்தபந்தத்துக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆழியாறு அறிவுத்திருக்கோயிலையும் வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியையும் அறியாத வீடு கொங்கில் குறைவு. அந்த மாதிரி வேலைதான் என்றால் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த முறை அம்மணியையே கூட்டி வாருங்கள். ஆய்வேட்டில் எத்தனை அத்தியாயம் எழுதியாயிற்று, உதவித்தொகை எந்த மாதத்தோடு முடிகிறது, கையில் சேமிப்பு எவ்வளவு: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். மற்றதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.