சட்டம் எழுதுகிறவர்களைச் சட்டம் பிடிக்குமா?

கேள்வி: ஹெல்மெட் போடாவிட்டால் எங்களுக்கு அபராதம். எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் சட்டத்தில் தனிச் சலுகை உண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் அவர்களுக்கும் அதே அபராதம்தான். குற்ற வழக்கில் அவர்களுக்கு விலக்கு கிடையாது. சலுகை இரண்டு இடங்களில் இருக்கிறது. அவைக்குள் பேசிய பேச்சுக்கும் போட்ட ஓட்டுக்கும் வழக்குத் தொடர முடியாது (அரசியல் சட்டம் 105, 194). உரிமையியல் வழக்குகளில், கூட்டத்தொடர் நடக்கும்போதும் அதற்கு 40 நாள் முன்னும் பின்னும் கைது கூடாது.

பேச்சுக்கான பாதுகாப்பு அவசியமானது. அது இல்லாவிட்டால் எதிர்க்கட்சி வாயைத் திறக்க முடியாது. ஆனால் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் 3–2 என்ற கணக்கில் சொன்னது. அந்தத் தவறு திருத்தப்பட 26 ஆண்டுகள் ஆயின. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அதை ஒருமனதாகத் தள்ளினார்கள். லஞ்சத்துக்கு ஒப்புக்கொண்டதுமே குற்றம் முழுமையாகிவிடுகிறது. பிறகு ஓட்டை யாருக்குப் போட்டார் என்பது பொருட்டில்லை.

கேள்வி: தண்டனை பெற்ற சிலருக்கு உடனே பதவி போகிறது. சிலர் சில மாதங்களில் திரும்பி வந்துவிடுகிறார்கள். மேல்முறையீடு செய்தால் போதுமா?
– வாசகர், திருக்கோவிலூர்

பதில்: போதாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8(3)இன்படி, 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால் தீர்ப்பு நாளிலேயே தகுதி போகிறது. விடுதலையான பிறகும் 6 ஆண்டு தொடர்கிறது. 4 ஆண்டு சிறையில் இருந்தவருக்கு மொத்தம் 10 ஆண்டு. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களுக்கு பிரிவு 8(1) பொருந்தும். அங்கே வெறும் அபராதம் விதித்தாலே 6 ஆண்டு தகுதியிழப்பு.

முன்பு 8(4) என்றொரு உட்பிரிவு இருந்தது. பதவியில் இருப்பவர் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி தப்பும். பதவியில் இல்லாதவருக்கு இந்த வசதி இல்லை. தங்களுக்கென்று தாங்களே வைத்துக்கொண்ட இந்தக் கதவை 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்தது.

இன்று பதவி தப்ப வேண்டுமானால் மேல் நீதிமன்றம் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பையே நிறுத்திவைக்க வேண்டும். தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் சிறைக்குப் போகாமல் இருக்கலாம், பதவி வராது. செய்தித்தாள்கள் இரண்டையும் ‘தண்டனைக்குத் தடை’ என்றே எழுதுவதால்தான் குழப்பம். 2014 செப்டம்பர் 27இல் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதாவுக்கு அக்டோபரிலேயே ஜாமீன் கிடைத்து, தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பு நிறுத்திவைக்கப்படவில்லை. 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகுதான் அவர் மீண்டும் முதல்வராக முடிந்தது. பொன்முடி விஷயத்தில் 2023 டிசம்பரில் வந்த தீர்ப்பையே 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதனால் எம்.எல்.ஏ. பதவியும் திரும்பியது, அமைச்சர் பதவியும் திரும்பியது.

‘2 ஆண்டு’ என்ற எல்லைக்கோட்டில் ஒரு நாளும் கணக்குத்தான். ராகுல் காந்திக்கு 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் விதித்தது, அவதூறுக்குச் சட்டம் அனுமதித்த அதிகபட்சமான 2 ஆண்டு. ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது என்பதையும், அதிகபட்சத் தண்டனைக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டித்தான் ஆகஸ்ட் 4இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

கேள்வி: சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, ஆனால் தேர்தலில் நிற்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மை. விசாரணைக் கைதியாக இருந்தாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு 62(5)இன்படி ஓட்டு இல்லை. ஓட்டுப் போட முடியாதவர் போட்டியிடவும் முடியாது என்று லில்லி தாமஸ் தீர்ப்பு வந்த அதே நாளில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது. ஓட்டுரிமை இழந்த சாதாரணக் கைதிக்கு அந்தத் திருத்தத்தில் ஒன்றும் இல்லை.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சட்டத்தை மீறினால் வழக்கு வரும். சட்டத்தையே திருத்திவிட்டால் வழக்கே இருக்காது. 1975 ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் வெற்றியை ரத்து செய்ததும், எந்தப் பிரிவுகளில் அவர் சிக்கினாரோ அவை முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டன. 2014இல் பா.ஜ.க.வும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் கண்டது. 2016 நிதிச் சட்டத்தின் வழியாக ‘வெளிநாட்டு மூலம்’ (யாரிடம் வாங்கினால் அது வெளிநாட்டு நன்கொடை) என்பதன் பொருள் 2010 முதல் மாற்றப்பட்டது. அது போதவில்லை என்று 2018இல் 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னுக்குக் கொண்டுபோனார்கள். மக்களவையில் அந்த 2018 நிதி மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. தொண்டு நிறுவனம் ஒன்று அதே சட்டத்தை மீறினால் 42 ஆண்டுக்கு முன்தேதியிட்ட மன்னிப்பு கிடைக்குமா? இது வெளிப்படையான அநீதி.

கேள்வி: வேட்பாளர் சொத்தை மறைத்திருப்பது தெரிந்தால் வாக்காளர் என்ன செய்யலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இறக்குங்கள். வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்து, கடன், 5 ஆண்டு வருமான வரிக் கணக்கு, நிலுவை வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். சென்ற தேர்தலில் அவரே கொடுத்த பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துச் சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை மூன்றையும் ஒப்பிடுங்கள். பிறகு பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுங்கள். பெரும்பாலான முரண்பாடுகள் இந்த மூன்றில்தான் தெரியும்.

தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம்; அதையும் பொதுப்பார்வைக்கு வைப்பார்கள். ஆனால் தகவல் பொய் என்பதற்காக அலுவலர் வேட்புமனுவைத் தள்ள மாட்டார். கட்டங்களைக் காலியாக விட்டு, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால்தான் தள்ளுபடி.

பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 125ஏ: 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நேராகக் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தரலாம். தண்டனை ஓராண்டுக்குள் இருப்பதால் புகாரையும் ஓராண்டுக்குள் தந்துவிட வேண்டும். அடுத்த தேர்தல் நெருங்கும்போது விழித்துக்கொண்டால் காலாவதி. இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தப் பிரிவு 8(1) பட்டியலில் இல்லை, 6 மாதத் தண்டனை 8(3)ஐ எட்டாது. ஆகவே பொய்ப் பத்திரத்துக்குத் தண்டனை பெற்றாலும் பதவி போகாது! குறைந்தது 2 ஆண்டு சிறை, கூடவே தகுதியிழப்பு என்று மாற்றச் சொல்லி சட்ட ஆணையம் 2014 பிப்ரவரியில் 244ஆவது அறிக்கை கொடுத்தது. அவசரமாகச் செய்திருக்க வேண்டிய திருத்தம் அது.

வெற்றியையே ரத்து செய்யக் கேட்பதானால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் போடலாம். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாமதத்தையும் நீதிமன்றம் மன்னிக்க முடியாது. வைப்புத்தொகை 2,000 ரூபாயை மனுவோடேயே கட்ட வேண்டும். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல்கள், ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று உங்கள் கையெழுத்து வேண்டும். சாட்சியம் பலமாக இருந்தும் இந்த நகல் விஷயத்தில் விழுந்த வழக்குகள் உண்டு.

கேள்வி: தேர்தல் செலவுக்கு வரம்பு எவ்வளவு? கணக்குத் தராவிட்டால்?
– வாசகர், ஓசூர்

பதில்: 2022இல் நிர்ணயித்தபடி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குத் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தராவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு 10ஏ-யின்கீழ் 3 ஆண்டு தகுதியிழப்பு. இதெல்லாம் வேட்பாளருக்கு மட்டும். கட்சி செய்யும் செலவுக்கு இந்தச் சட்டத்தில் உச்சவரம்பே இல்லை.